வைக்கோல் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

வைக்கோலில் இருந்து கார் ஓட்டலாம் என்கிறார்கள். லாபம் கிடைக்குமா?

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லி நகரம் புகையில் மூழ்குகிறது. எதிரே வரும் ஆள் தெரிவதில்லை. குழந்தைகள் இருமுகிறார்கள். முதியவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். 2024-ம் ஆண்டு நவம்பரில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, வீட்டில் இருந்தபடியே பாடம் படிக்கச் சொன்னார்கள்.

புகைக்குக் காரணங்கள் பல. மோட்டார் வண்டிகள் விடும் புகை, தொழிற்சாலைப் புகை, தெருப்புழுதி எல்லாம் ஆண்டு முழுவதும் உண்டு. ஆனால் இந்தச் சில வாரங்களில் மட்டும் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அது வயலில் எரியும் வைக்கோலின் புகை. சில நாட்களில் டில்லிக் காற்றில் கலந்துள்ள நுண்தூசியில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு மேலும்கூட, இந்தப் புகையால் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வைக்கோலை யாராவது எரிப்பார்களா? நம் ஊரில் வைக்கோல் என்றால் மாட்டுக்குத் தீனி. போர் போட்டுப் பாதுகாப்போம். கட்டு இத்தனை ரூபாய் என்று விலை பேசுவோம். பஞ்சாப் விவசாயி மட்டும் ஏன் அதற்குத் தீ வைக்கிறார்?

இருபதே நாள்!

பஞ்சாபில் நெல் அறுத்ததும் அதே வயலில் கோதுமை விதைக்க வேண்டும். நவம்பர் நடுவுக்குள் விதைத்தால் நல்லது. தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் விளைச்சல் குறையும்.

முன்பெல்லாம் நெல்லை முன்கூட்டியே நட்டு, முன்கூட்டியே அறுத்தார்கள். கோடை வெயிலில் நடுவதால் நிலத்தடி நீர் வெகுவாகச் செலவானது. கிணறுகள் ஆழத்துக்குப் போயின. ஆகவே 2009-ம் ஆண்டில் பஞ்சாப் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-ந் தேதிக்கு முன்னால் நடவு கூடாது என்றது. அந்தத் தேதி பிறகு பலமுறை மாறியது. தண்ணீருக்காகப் போட்ட சட்டம் அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இருபது நாள் கிடைத்தால் அதிகம்!

அறுவடையும் ஆள் வைத்து நடப்பதில்லை. எந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு போகிறது. முழங்கால் உயரத்துக்கு அடித்தாள் அப்படியே நிற்கும். மேலே வைக்கோல் சிதறிக் கிடக்கும். பாஸ்மதி நெல்லின் வைக்கோலை மாடு தின்னும். மற்ற ரகங்களின் வைக்கோலில் மணல்சத்து அதிகம். அங்கே கோதுமை வைக்கோல் தாராளமாகக் கிடைப்பதால், நெல் வைக்கோலை மாட்டுக்குப் போடுவோர் குறைவு.

அதை அகற்ற வேண்டுமானால் எந்திரம் வாடகைக்கு வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். எரிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதும். ஓர் இரவில் வயல் சுத்தம்! விவசாயியின் கணக்கு அவ்வளவுதான்.

ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் பஞ்சாபில் மட்டும் சேருகிறது.

வைக்கோலுக்குள் சர்க்கரை

இந்த வைக்கோலை வைத்து மோட்டார் எரிபொருள் தயாரிக்க முடியும். இது கட்டுக்கதை அல்ல. 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, அரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் தொழிற்சாலையைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலை வாங்கி, 3 கோடி லிட்டர் எரிசாராயம் தயாரிப்பது திட்டம். எத்தனால் என்று சொல்வது இந்த எரிசாராயத்தைத்தான். அதைப் பெட்ரோலில் கலக்கிறார்கள்.

வைக்கோலில் இருந்து சாராயம் எப்படி வரும்?

கரும்புச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் வாயில் போட்டால் இனிக்காது. கோடிக்கணக்கான சர்க்கரைத் துகள்கள் சங்கிலி போலக் கோத்து, நாராகி இருக்கின்றன. அந்தச் சங்கிலியைச் சுற்றி லிக்னின் என்னும் கெட்டியான பொருள் சிமெண்டு பூசியது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் சிமெண்டை உடைக்க வேண்டும். அதற்கு நீராவியும் அமிலமும் தேவை. பிறகு சங்கிலியை அறுக்க வேண்டும். அதற்கு நொதி என்ற பொருள் தேவை. அதன் பிறகே ஈஸ்டுக்கு வேலை. மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் போட்டு எரித்து நீராவி எடுக்கலாம்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை!

இந்த நொதிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

இரண்டாவது உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் பசிபிக் தீவுகளில் முகாம் போட்டிருந்தன. அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. பருத்தித் துணிக் கூடாரங்களும் சிப்பாய்களின் உடுப்புகளும் சீக்கிரமே மக்கி, கிழிந்து போயின. காரணம் ஒரு பூஞ்சை. பருத்தியும் வைக்கோலைப் போலச் சர்க்கரைச் சங்கிலிதான். பூஞ்சை அதை அறுத்துச் சாப்பிட்டது.

அந்தப் பூஞ்சையை எடுத்துப்போய் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரையே பிற்பாடு அதற்கு வைத்தார்கள். அன்று ராணுவத்துக்குப் பகையாக இருந்த பூஞ்சையின் வழிவந்தவைதான் இன்று நொதி தயாரிப்புக்கு வேலைக்காரர்கள்!

ஆகவே வித்தை தெரியும். எந்திரமும் உண்டு. பின்னே ஏன் ஊருக்கு ஊர் வைக்கோல் ஆலை வரவில்லை? காரணம், கணக்கு!

கூட்டிப் பார்ப்போம்

பானிப்பட்டு ஆலைக்கு அறிவித்த அளவுகளை வைத்து வீட்டுக் கணக்குப் போல ஒன்று போடலாம்.

2 லட்சம் டன்னில் இருந்து 3 கோடி லிட்டர் என்றால், ஒரு டன்னுக்கு 150 லிட்டர். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 6¾ கிலோ வைக்கோல். கட்டு கட்டி, ஏற்றி, ஆலையில் இறக்கிச் சேர்க்க டன்னுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 2 ரூபாய். ஒரு லிட்டருக்கு வைக்கோல் செலவு சுமார் 13 ரூபாய்.

“இவ்வளவுதானா? மலிவாக இருக்கிறதே!” என்று தோன்றும். அவசரப்படக்கூடாது.

ஆலைக்குப் போட்ட முதல் 900 கோடி. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 90 கோடி. அதை 3 கோடி லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 30 ரூபாய். ஆண்டு முழுவதும் ஆலை முழு வேகத்தில் ஓடினால்தான் இந்த 30 ரூபாய். பாதி வேகத்தில் ஓடினால் வட்டி மட்டும் லிட்டருக்கு 60 ரூபாய் ஆகிவிடும்!

வைக்கோல் 13, வட்டி 60, ஆக 73 ரூபாய். இதற்கு மேல் நொதி, அமிலம், தண்ணீர், மின்சாரம், சம்பளம், பழுது பார்க்கும் செலவு. கடன் முதலையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

மக்காச்சோளத்தில் இருந்து எடுக்கும் எத்தனாலுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் 2024-25 பருவத்தில் கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. கரும்பு ஆலையில் கடைசியாக மிஞ்சும் மொலாசஸ் எத்தனாலுக்கு 57 ரூபாய் 97 காசு. இந்தப் போட்டியில் வைக்கோல் ஆலை மூச்சுத் திணறுவது இயல்பு. ஆகவேதான் 2019-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இத்தகைய ஆலைகளுக்கு உதவ 1,969 கோடியே 50 லட்சம் ரூபாயில் ஒரு திட்டம் போட்டது. ஓர் ஆலைக்கு 150 கோடி வரை மானியம்.

யானை வாங்கினவனுக்குத் தினமும் தீனி போடுவதுதான் கவலை. இந்த ஆலையும் ஒரு யானை. ஒருநாள் கூடப் பட்டினி போடக்கூடாது.

தீனி எங்கே?

இங்கேதான் சங்கடம். வைக்கோல் கிடைப்பது ஆண்டில் இருபது நாள். ஆலை ஓட வேண்டியது ஆண்டு முழுவதும்.

ஏக்கருக்குச் சுமார் 2 டன் வைக்கோல் என்றால், 2 லட்சம் டன்னுக்கு ஒரு லட்சம் ஏக்கரில் திரட்ட வேண்டும். லாரிக்கு 10 டன் ஏற்றினாலும் 20,000 லாரி. இருபது நாளில் கொண்டுவர வேண்டுமானால் தினமும் 1,000 லாரி!

வைக்கோலோ பஞ்சு போன்ற சரக்கு. லாரி நிறைந்துவிடும், எடை நிறையாது. பாதிக் காற்றை ஏற்றிக்கொண்டு போவதுபோல. தொலைவு கூடக்கூட டீசல் செலவு வைக்கோல் விலையையே விழுங்கிவிடும். வந்த கட்டுகளை அடுக்க இடம் வேண்டும். மழையில் நனைந்தால் மக்கும். பொறி பட்டால் போர் முழுவதும் சாம்பல்.

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

பணமும் விஞ்ஞானமும் உள்ள நாடுகளிலாவது வெற்றி கிடைத்ததா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற சிற்றூரில், டூபாண்ட் கம்பெனி மக்காச்சோளத் தட்டையில் இருந்து எத்தனால் எடுக்க 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஆலை கட்டியது. 2015 அக்டோபரில் திறப்பு விழா. சுற்றிலும் 30 மைலுக்குள் 500 விவசாயிகளிடம் ஆண்டுக்குச் சுமார் 3,40,000 டன் தட்டை வாங்கி, சுமார் 11 கோடி லிட்டர் தயாரிக்கத் திட்டம். இரண்டே ஆண்டு. 2017 நவம்பரில் ஆலையை விற்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள்!

கான்சாஸ் மாநிலத்தில் அபென்கோவா என்ற ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி 2014-ல் திறந்த ஆலை அடுத்த ஆண்டே நின்றது. ருமேனியா நாட்டில் கிளாரியண்ட் கம்பெனி கோதுமை வைக்கோலுக்கென்று கட்டிய ஆலையை 2023 டிசம்பரில் மூடுவதாகச் சொன்னது.

என்ன ஆயிற்று? ஒன்று, பெட்ரோலிய விலை. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. எண்ணெய் மலிந்தால் வைக்கோல் சாராயத்தை யார் கேட்பார்கள்? இன்னொன்று, தட்டையோடு வந்த மண்ணும் மணலும். ஆய்வுக்கூடத்தில் சுத்தமான பிடி வைக்கோலைப் போட்டுச் சோதித்தார்கள். ஆலையில் வந்து விழுந்ததோ புழுதியும் கல்லும் சேர்ந்த வைக்கோல். எந்திரம் தேய்ந்தது, குழாய் அடைத்தது, ஆலை நின்றது. நின்றாலும் வட்டி நிற்குமா?

எரிவாயு வழி

டூபாண்டு விற்ற ஆலையை 2018-ல் வெர்பியோ என்ற ஜெர்மன் கம்பெனி வாங்கியது. சாராயத்துக்குப் பதிலாகத் தட்டையில் இருந்து எரிவாயு எடுப்பதற்காக! அதே கம்பெனி பஞ்சாபிலும் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் ஓர் ஆலை கட்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் பெட்ரோலிய மந்திரி ஹர்தீப் சிங் பூரி திறந்துவைத்தார். தினம் 300 டன் வைக்கோலில் இருந்து 33 டன் எரிவாயு எடுப்பது திட்டம்.

இது நம் சாண எரிவாயுவின் பெரிய அண்ணன். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரிக்கின்றன. வாயு மேலே வருகிறது. விலை உயர்ந்த நொதி தேவை இல்லை. தொட்டியில் மிஞ்சுவது எரு.

அந்த எருவை வாங்க ஆள் வேண்டும் என்பது இதன் கவலை. ஆனால் எரு திரும்ப வயலுக்குப் போவது பெரிய நன்மை. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5½ கிலோ தழைச்சத்து, 2 கிலோவுக்குச் சற்று அதிகமாக மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும். ஆலைக்கு விற்றால் எல்லாமே வண்டியேறிப் போகும். அந்த நஷ்டத்தை உர மூட்டையாக வாங்கி ஈடு செய்ய வேண்டியவர் விவசாயி.

ஜெயித்தவர்கள் யார்?

பயிர்க் கழிவில் லாபம் சம்பாதித்தவர்கள் இல்லாமல் இல்லை.

அமெரிக்காவில் ஓட்ஸ் கஞ்சி விற்கும் குவேக்கர் கம்பெனியின் ஆலையில் உமி மலைபோலக் குவிந்தது. 1922-ல் அந்த உமியில் இருந்து பர்பியூரல் என்ற ரசாயனத்தை எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் சுத்திகரிக்கவும், பிசின் செய்யவும் அது பயன்பட்டது. பிற்காலத்தில் டூபாண்ட் கம்பெனி அதில் இருந்து நைலானுக்கு வேண்டிய மூலப்பொருளையே தயாரித்தது! பெட்ரோலியத்தில் இருந்து அது மலிவாகக் கிடைத்ததும் 1960-களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். ஆனால் பர்பியூரல் தொழில் சாகவில்லை. இன்று சீனாவில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளில் இருந்து ஏராளமாக எடுக்கிறார்கள்.

நம் கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை 1979-ல் அரசாங்கம் தொடங்கியது. முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு வேறு எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். மரம் வெட்டுவதைக் குறைத்துக் காகிதம் வந்தது!

ஓட்ஸ் உமிக்கும் கரும்புச் சக்கைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஆலை வாசலுக்குத் தாமாக வந்து சேர்ந்த கழிவுகள். யாரோ வேறு வேலைக்காகச் சுமைகூலி கொடுத்துக் கொண்டுவந்து போட்டவை. வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

விலையிலும் வித்தியாசம் உண்டு. எரிபொருள் மலிவுச் சரக்கு, மலைமலையாக விற்க வேண்டும். ரசாயனம் விலை உயர்ந்த சரக்கு, ஆனால் வாங்குவோர் குறைவு. நாட்டில் உள்ள வைக்கோலை எல்லாம் பர்பியூரல் ஆக்கினால் விலை சரிந்து, எடுத்தவருக்கே நஷ்டம் வரும். இரண்டையும் ஒரே ஆலையில் அளவோடு செய்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கும்.

யார் கொடுப்பது?

பஞ்சாபில் தீ வைப்பது குறைந்திருப்பதாகச் செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது. 2020-ம் ஆண்டு அறுவடைக் காலத்தில் 83,002 இடங்களில் தீ. 2024-ல் 10,909. நல்ல செய்திதான். ஆனால் செயற்கைக்கோள் மேலே வரும் நேரம் பார்த்து, அது போன பிறகு மாலையில் எரிக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் கிளப்பி இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு ஏக்கருக்குக் கீழே இருப்பவருக்கு 5,000 ரூபாய். ஐந்து ஏக்கருக்கு மேல் 30,000 ரூபாய். அரியானாவில் எரிக்காதவருக்கு ஏக்கருக்கு 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் வந்தது. ஒரு கையில் பிரம்பு, ஒரு கையில் மிட்டாய்!

யோசித்துப் பாருங்கள். வைக்கோல் எரிந்தால் செலவு இல்லை என்று நினைக்கிறோம். செலவு உண்டு. மூச்சுத் திணறும் குழந்தைக்கு மருந்து வாங்கும் தாய் அதைக் கொடுக்கிறாள். வேலைக்குப் போக முடியாத கூலிக்காரர் கொடுக்கிறார். புகையை முதலில் சுவாசிக்கும் பஞ்சாப் விவசாயியின் வீட்டாரும் கொடுக்கிறார்கள். அந்தச் செலவு எந்த ஆலைக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அதனால்தான் எரிப்பது மலிவாகவும், ஆலை நஷ்டமாகவும் தெரிகிறது.

ஆகவே வைக்கோலை அகற்ற அரசாங்கம் கொடுக்கும் பணத்தைத் தர்மம் என்று சொல்லக்கூடாது. ஊர்க் குப்பையை அள்ள நகரசபை செலவழிக்கவில்லையா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் அந்தப் பணம் பெரிய ஆலைகளின் வாசலோடு நின்றுவிடக்கூடாது. வைக்கோல் கட்டும் எந்திரம் உரிய நாளில் கிராமத்துக்குப் போக வேண்டும். பத்து மைலுக்குள் சேமிப்புக் கிடங்கு வேண்டும். சிறிய எரிவாயு ஆலைகள் பக்கத்திலேயே வேண்டும். எரு வயலுக்குத் திரும்ப வேண்டும். கட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விவசாயியின் கையில் காசு விழ வேண்டும்.

தீக்குச்சியின் விலையைவிட வைக்கோலின் விலை கூடினால், வயலில் தீ வைக்க யாருக்கும் மனம் வராது. அபராத நோட்டீசும் தேவைப்படாது. நாம் வைக்கோலை எரிக்காமல் போர் போட்டு வைப்பதும், மாட்டுக்கு அதன் விலை தெரியும் என்பதால்தானே!